ஓகே பிறந்த கதை

அன்பு மருமகளுக்கு,

'ஓகே' என்பதன் விரிவு என்ன என்று கேட்டிருந்தாய். போர்முனையில் 'இன்று உயிர்ச்சேதம் பூஜ்யம்' என்று ஆங்கிலத்தில் பலகையில் '0 கில்ட்' என எழுதியதன் சுருக்கம் என்று உன் தோழி சொன்னாளாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் வரும் போர் அமெரிக்க உள்நாட்டுப் போர். அது தொடங்கியது 1861இல். ஓகே அதற்கு 22 ஆண்டுகள் முன்பே அச்சேறிவிட்டது.

1838, 39 வாக்கில் பாஸ்டன் நகரப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு பிடித்துப்போனது. எதையும் முதலெழுத்துகளால் சுருக்குவது, அதையும் வேண்டுமென்றே பிழையாக எழுதிச் சுருக்குவது. 'நோ கோ' என்றால் நடக்காது என்று பொருள். அதில் வரும் 'நோ'வை, 'அறிதல்' என்று பொருள்படும் இன்னொரு 'நோ' போலக் 'கே'யில் தொடங்கி எழுதி, கே.ஜி. ஆக்கினார்கள். 'எல்லாம் சரி' எனும் 'ஆல் கரெக்ட்' முறைப்படி ஏ.சி. ஆகவேண்டும். அதையும் காதில் விழுகிறபடி 'ஓ', 'கே' என்று தொடங்கி எழுதினார்கள். 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில், பிராவிடன்ஸ் ஊர்ப் பத்திரிகையாசிரியரைச் சீண்டி வந்த ஒரு குறிப்பில் ஓ.கே. இருக்கிறது. பக்கத்திலேயே அதன் பொருளும் அச்சாகியிருக்கிறது. இதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்?

அந்த விளையாட்டில் பிறந்த சுருக்கங்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. ஓகேயைக் காப்பாற்றியது ஒரு தேர்தல். 1840இல் அதிபர் மார்ட்டின் வான் பியூரன் மறுபடி போட்டியிட்டார். அவர் பிறந்த ஊர் கிண்டர்ஹுக். 'ஓல்ட் கிண்டர்ஹுக்' என்ற பட்டப்பெயரின் முதலெழுத்துகளும் ஓ.கே. ஆகவே, ஆதரவாளர்கள் நியூயார்க்கில் ஓ.கே. மன்றங்களைத் தொடங்கினார்கள். எதிரணி சும்மா இருக்குமா? முன்னாள் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, கோப்புகளில் அவர் போட்ட பிழையே இது என்று கட்டிவிட்டது. வான் பியூரன் தோற்றார், சொல் நிலைத்தது. பிறகு தந்தி வந்தது. செய்தி கிடைத்தது என்று சொல்ல இரண்டே எழுத்து போதும் என்பதால் தந்திக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இவ்வளவையும் பழைய பத்திரிகைகளில் தேடி எடுத்து, 1963, 64இல் கட்டுரைகளாக எழுதி நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். எனக்கு அவர்மேல் பெருமதிப்பு உண்டு. அதற்கு முன் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். சோக்டா பழங்குடியினரின் சொல் என்று நம்பி, அதிபர் உட்ரோ வில்சன் அந்த உச்சரிப்புப்படியே எழுதிவந்தார்.

இனி, புழங்கும் விதம். ஓகே ஒத்துக்கொள்ளும், பாராட்டாது. கீழே விழுந்தவரிடம் 'ஆர் யூ ஓகே?' என்று கேட்பது கனிவு. விருந்து வைத்தவரிடம் 'சாப்பாடு ஓகே' என்றால் அவர் முகம் வாடிவிடும். வினைச்சொல்லாகவும் ஆங்கிலத்தில் வரும். நாமும் 'மேலதிகாரி ஓகே பண்ணிட்டார்' என்று அதை நம் வினையாக்கிக்கொண்டோம். ஆங்கிலத்தில் இரண்டு பெரிய எழுத்துகளாக எழுதினாலும், நான்கு எழுத்தாக விரித்து எழுதினாலும் சரியே. விண்ணப்பங்களிலும் தேர்வுக் கட்டுரையிலும் மட்டும் தவிர்த்துவிடு; அங்கே அது அலட்சியமாகப் படும். தோழிகளிடம் தாராளமாகச் சொல்.

அன்புடன்,
மாமா