உருகும் கடிகாரங்கள்

நுழையும்முன்

ஓவியம் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் குவளையையும் மாம்பழத்தையும் மேசைமேல் வைத்து, கண்டதைக் கண்டவாறே வரையப் பழகுகிறார். கை ஓரளவு பழகியபின் அவருக்குள் ஒரு வினா எழுகிறது. கண்ணை மூடியபின் காண்பவற்றை வரையலாகாதா? வரையலாம், வரையவும் வேண்டும் என்று அவ்வினாவிற்கு விடையளித்த கலை இயக்கமே மீமெய்மையியல். பாரிசில் தோன்றிய அவ்வியக்கத்தையும், சென்னைக் கடற்கரையில் அதற்கு நெருங்கிய உறவாய் மலர்ந்த ஓர் ஓவியரின் உலகையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

வறண்ட கடற்கரை ஒன்று. தொலைவில் ஒளிபட்டுப் பொன்னிறமாய்த் தெரியும் பாறைகள். முன்புறத்தில் மேசை போன்ற ஒரு மேடை. அதிலிருந்து முளைத்த பட்டமரம். அதன் கிளையில் துவைத்துக் காயப்போட்ட துணிபோல் ஒரு கடிகாரம் தொங்குகிறது. மேடையின் விளிம்பில் மற்றொன்று வழிந்து கிடக்கிறது; அதன்மேல் ஓர் ஈ. தரையில் கண்ணிமை மட்டும் நீண்டு தெரியும், முகமென்றும் முகமன்றென்றும் துணிந்து கூறவியலாத ஒரு வெளிறிய உருவத்தின்மேல் மூன்றாவது கடிகாரம் போர்வையாய்ப் படிந்திருக்கிறது. நான்காவது கடிகாரம் மட்டும் உருகவில்லை. கவிழ்ந்து மூடிய அதன் முதுகில் எறும்புகள் மொய்க்கின்றன.

ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வதோர் தாலி 1931இல் தீட்டிய 'நினைவின் நிலைபேறு' என்னும் ஓவியம் இது. 1934 முதல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. நூல்களில் இதன் படத்தைக் கண்டவர்கள் பெரும்பாலும் இது சுவரை நிறைக்கும் அளவுள்ளது என்றே எண்ணுவர். உண்மையில் இதன் உயரம் 24 சென்டிமீட்டர். அகலம் 33 சென்டிமீட்டர். நாம் எழுதும் தாளைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான்.

இவ்வோவியம் நம்மை ஏன் நிலைகுலையச் செய்கிறது? கடிகாரம் என்பது மனிதன் செய்த பொருள்களுள் ஐயத்திற்கே இடமில்லாத ஒன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைக்கடிகாரங்களே உருவாகும் தொழில் நகரம் ஓசூர். அங்குள்ள ஆலைகளில் முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று வாழ்வே மணிக்கணக்கில் பகுக்கப்பட்டுள்ளது. ஐந்து மணித்துளி தாமதித்தால் வாயிற்கதவு அறியும். ஆனால் இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் உறங்கும் தொழிலாளி காணும் கனவில் அந்த மணிக்கணக்கு செல்லுமா? கனவில் பத்தாண்டுகள் ஒரு நொடியில் கழியும்; ஒரு படிக்கட்டு ஏறி முடியவே முடியாது. காலம் அங்கே உலோகமன்று, உருகிய மெழுகு. தாலி தீட்டியது பொய்யை அன்று, நாம் நாள்தோறும் பட்டறிந்து விழித்ததும் மறந்துவிடும் ஓர் உண்மையை.

இவ்வகை உண்மைக்கு 'சர்ரியலிசம்' என்னும் பெயர் பிரெஞ்சு மொழியில் அமைந்தது. 'மேலான' என்னும் பொருள்தரும் முன்னொட்டும் 'மெய்ம்மை' என்னும் சொல்லும் சேர்ந்தது அது. தமிழில் அதனை மீமெய்மையியல் என்கிறோம். 'மீ' என்பதற்கு மேல் என்பது பொருள். 1917இல் கவிஞர் அப்போலினேர் இச்சொல்லை முதலில் ஆண்டார். 1924இல் ஆந்த்ரே பிரெதோன் பாரிசில் வெளியிட்ட கொள்கை அறிக்கையே அதனை ஓர் இயக்கத்தின் பெயராக்கியது.

பிரெதோன் மருத்துவம் பயின்றவர். முதல் உலகப்போரின்போது, போர்முனையில் மனம் சிதைந்து மீண்ட வீரர்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றினார். அவ்வீரர்களின் தொடர்பற்ற பேச்சுகளில் வியப்பூட்டும் படிமங்கள் வெளிப்படுவதை அவர் கவனித்தார். அறிவும் ஒழுங்கும் மிக்கதாகத் தன்னைக் கருதிக்கொண்ட ஐரோப்பா, அதே அறிவைக் கொண்டு இலட்சக்கணக்கானோரைக் கொன்று குவித்த காலம் அது. அறிவின் ஆட்சியில் அவர் தலைமுறைக்கு நம்பிக்கை இற்றுப்போனதில் வியப்பில்லை. சிக்மண்ட் பிராய்டு எழுதிய கனவு விளக்க நூல் அவர்களுக்கு வேறொரு கதவைத் திறந்துவிட்டது.

கனவுக்குப் பொருள் உண்டு என்பது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்தியிடம் கூறுகிறாள். அக்காதையே 'கனாத்திறம் உரைத்த காதை' எனப் பெயர் பெற்றுள்ளது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் மரபில் கனவு வரப்போவதைக் காட்டும். அது எதிர்காலத்தின் தூது. பிராய்டின் நோக்கிலோ, கனவு மனத்தின் ஆழத்தில் புதைந்த ஆசைகளையும் அச்சங்களையும் மாற்றுருவில் மேலே கொணரும். மீமெய்மை ஓவியர்கள் பற்றிக்கொண்டது இந்த இரண்டாவது பொருளையே.

அவர்கள் ஆழ்மனத்தை அடைய இரு வழிகளில் சென்றனர். கையைத் தன்போக்கில் ஓடவிட்டு, என்ன தோன்றுகிறதோ அதைப் பின்தொடர்வது ஒன்று. ஆந்த்ரே மாசோனும் ஹுவான் மீரோவும் அவ்வழியில் வரைந்தனர். கனவுக் காட்சியை நிழற்படம்போல் நுணுக்கமாகத் தீட்டுவது மற்றொன்று. தாலியும் பெல்ஜியம் நாட்டு ரெனே மக்ரித்தும் அவ்வழியினர்.

முதல் வழியில் மாக்ஸ் எர்ன்ஸ்ட் கண்ட உத்தி எல்லார்க்கும் எளியது. 1925ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சின் கடற்கரை ஊர் ஒன்றில் தங்கியிருந்த அவர், அறையின் பலகைத் தளத்தில் தேய்ந்து மேலெழுந்த மரவரிகளை உற்றுநோக்கினார். தாள்களைத் தளத்தின்மேல் பரப்பிப் பென்சிலால் தேய்த்தார். வரிகள் தாளில் படிந்தன. பார்க்கப் பார்க்க அவை காடாகவும் பறவையாகவும் மாறின. இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமா? அறுத்த பலகைக்கல், அறுக்காத பாறை, உளி தொட்ட அம்மி ஆகிய மூன்றின்மேலும் தாளை வைத்துத் தேய்த்தால் மூன்று வேறு நிலப்பரப்புகள் கிடைக்கும்.

இரண்டாம் வழி கடினமானது. தாலியின் ஓவியத்தில் கடிகாரங்களைத் தவிர மற்றவை பெரும்பாலும் இயல்பானவை. ஒளி ஒழுங்காக விழுகிறது. நிழல் உரிய இடத்தில் கிடக்கிறது. தொலைவிலுள்ள பாறைகள் ஓவியர் பிறந்த கத்தலோனியப் பகுதியின் கடற்கரைப் பாறைகளே. இவ்வளவு மெய் இருப்பதனாலேயே அந்த ஒரு பொய் நம்மை அதிரச் செய்கிறது. 'கனவுதானே, எப்படி வரைந்தால் என்ன?' என்று எண்ணும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். உருகும் கடிகாரத்தை வரைய விரும்புபவர் முதலில் உருகாத கடிகாரத்தைப் பிழையின்றி வரையக் கற்றிருத்தல் வேண்டும்.

மக்ரித்தின் நெறி இன்னும் அமைதியானது. அவர் சுவர்த்தாள் வடிவமைப்பிலும் விளம்பரப் பணியிலும் ஈடுபட்டுப் பிழைத்தவர். நம் ஊர்களில் விளம்பரப் பலகையும் திரைப்படத் தட்டியும் எழுதி வாழ்ந்த ஓவியர்களின் உறவினர் என்றே அவரைச் சொல்லலாம். 1929இல் அவர் புகைக்குழாய் ஒன்றைக் கடைப்பலகைக்குரிய தெளிவோடு தீட்டி, இது புகைக்குழாய் அன்று என்று அதன்கீழ் எழுதினார். வேடிக்கைபோல் தோன்றினும் அது மெய்யே. அதில் புகையிலை நிரப்பிப் பற்றவைக்க இயலுமா? அது வெறும் படம். படத்தையும் பொருளையும் ஒன்றெனக் கொள்ளும் நம் பழக்கத்தை அவ்வோவியம் தட்டியெழுப்புகிறது.

இனி, நம் சிற்பங்களை நோக்குவோம். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்தை மறைத்தால் காளை. மறுபக்கத்தை மறைத்தால் யானை. தாலி 1937இல் தீட்டிய ஓர் ஓவியத்தில், நீரில் நிற்கும் அன்னங்களின் நிழல்கள் யானைகளாகத் தெரிகின்றன. இரண்டையும் அருகருகே வைத்துக் காண்பவர்க்கு வியப்பே மேலிடும். சிங்காரப்பேட்டையிலிருந்து கிழக்கே செல்லும் சாலை செங்கத்தை அடைகிறது. அச்செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. வில்லேந்திப் போரிடும் வீரனையும், அவனை வானுலகிற்கு அழைத்துச் செல்லும் மகளிரையும் ஒரே கல்லில் காட்டும் நடுகற்கள் தமிழகத்தில் உண்டு. இறப்பும் இறப்பிற்குப் பிந்தியதும் அங்கே ஒரே பரப்பில் நிகழ்கின்றன.

'மீமெய்மையியல் நம்மிடம் அன்றே இருந்தது' என்று இதனால் முடிவு கட்டிவிடலாமா? கட்டலாகாது என்பதே என் கருத்து. யாளியையும் நடுகல்லையும் செதுக்கிய சிற்பிக்கு அவை ஊரார் அனைவரும் பகிர்ந்துகொண்ட நம்பிக்கையின் உருவங்கள். தாலிக்கும் மக்ரித்திற்கும் அத்தகைய பொது நம்பிக்கை இல்லை. தனிமனிதனின் மனமே அவர்களின் கல்வெட்டு. உருவம் ஒத்திருப்பினும் ஊற்று வேறு.

அவ்விரு ஊற்றுகளும் ஓரிடத்தில் கலந்ததைக் காண வேண்டுமாயின் கே. இராமானுஜத்தின் ஓவியங்களை நாட வேண்டும். சென்னையைச் சேர்ந்த அவர் அங்குள்ள அரசு கலை, கைவினைக் கல்லூரியில் பயின்றார். அப்போது கல்லூரி முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் அவருடைய ஆற்றலை உணர்ந்து ஊக்கப்படுத்தினார். 1966இல் பணிக்கரும் அவர்தம் மாணவர்களும் கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது இராமானுஜமும் அங்கே குடியேறினார்.

பேச்சில் தடங்கலும் மனநோயின் துன்பமும் உடையவர் அவர். பிறரோடு இயல்பாகப் பழக இயலாமல் ஒதுங்கியே வாழ்ந்தார். ஆனால் தாளின்மீது அவர் வேறொருவர். மாடங்களும் கோபுரங்களும் அடுக்கடுக்காய் எழும் அரண்மனைகள், நெளியும் நாகங்கள், சிறகு முளைத்த விலங்குகள், அணிகலன் பூண்ட மகளிர், அவர்களுக்கு நடுவே தொப்பியணிந்து பெருமிதமாய் வீற்றிருக்கும் ஓர் ஆடவர். அந்த ஆடவர் இராமானுஜமேதான். கோயிற் சிற்பமும் நாட்டார் கதையும் அவ்வுலகின் செங்கற்கள். கட்டியவரோ தனிமையில் வாடிய ஓர் இளைஞர். தெரு அவருக்குத் தராத இடத்தை அவர் தாளில் எடுத்துக்கொண்டார்.

இங்கு ஒரு தவறான கருத்தை மறுத்தாக வேண்டும். மனநோயே அவரைக் கலைஞராக்கியது என்று சிலர் கூறுவர். கேட்பதற்குக் கவர்ச்சியாகவும் இருக்கும். அவருடைய மைக்கோட்டு ஓவியங்களை அணுகி நோக்குக. நுண்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னி, இருளும் ஒளியும் படிப்படியாய் விளைந்துள்ளன. மணிக்கணக்கில் சலியாது அமர்ந்து, கையை அடக்கியாண்ட உழைப்பு அது. நோய் அவ்வுழைப்பைத் தரவில்லை. அதற்கு இடையூறாகவே நின்றது. முப்பதுகளின் தொடக்கத்திலேயே, 1973இல், அவர் மறைந்தார். நோயைப் போற்றி ஓவியத்தை விளக்குவோர், அவர் வாழ்ந்திருந்தால் வரைந்திருக்கக்கூடியவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. மன வருத்தம் மிகும்போது நண்பரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ மனந்திறந்து பேசுவதால் எவருடைய கற்பனையும் குன்றிவிடாது.

இராமானுஜத்தை மீமெய்மை ஓவியர் என்று அழைப்பது பொருந்துமா என்பதும் ஆராயத்தக்கதே. மெக்சிகோ நாட்டு ஓவியர் பிரீடா காலோவைப் பிரெதோன் தம் இயக்கத்தவர் என்று கொண்டாடியபோது, தாம் தீட்டுவது கனவையன்று, தம் சொந்த வாழ்வையே என்று காலோ மறுத்தார். இராமானுஜத்திற்கும் அரண்மனை வெறும் கனவா, அவர் உண்மையில் குடியிருந்த வீடா என்பதை எளிதில் கூறிவிட இயலாது. பெயர் எதுவாயினும், பாரிசின் அறிக்கைகள் தேடிய ஒன்றை அவர் ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு பேனாவைக் கொண்டு அடைந்தார்.

வங்கத்தில் கணேஷ் பைன், பிகாஷ் பட்டாச்சார்ஜி ஆகியோர் இந்நெறிக்கு அணுக்கமான ஓவியங்களைப் படைத்தனர். 1946ஆம் ஆண்டுக் கல்கத்தாக் கலவரத்தைச் சிறுவயதில் கண்ட பைனின் ஓவியங்களில் எலும்புகளும் இருளும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தமிழ்க் கவிதையில் கவிக்கோ அப்துல் ரகுமானின் 'பால்வீதி' மீமெய்மைப் படிமங்களைத் துணிந்து கையாண்டது.

இவ்வகை ஓவியத்தை முதன்முறை காணும்போது 'இதன் பொருள் என்ன?' என்று உடனே வினவுதல் வேண்டா. முதலில் எண்ணுக: எத்தனை பொருள்கள் உள்ளன? அவற்றுள் எவை தம் இயல்பில் உள்ளன, எவை மாறியுள்ளன? ஒளி எத்திசையிலிருந்து வருகிறது? பிறகு மனத்தில் எழும் உணர்வைக் குறித்துக்கொள்க; அச்சமோ சிரிப்போ எரிச்சலோ, எதுவாயினும் அது விடையின் ஒரு பகுதியே. எறும்புகள் இதைக் குறிக்கும், கடிகாரம் அதைக் குறிக்கும் என்று அகராதிபோல் மனப்பாடம் செய்வது தேர்வுக்கு உதவலாம், ஓவியத்திற்கு உதவாது.

கற்பவை கற்றபின்

1. ஒரு வாரத்திற்குத் தலையணையருகே குறிப்பேடு வைத்து, விழித்தவுடன் கண்ட கனவை நான்கு வரிகளில் எழுதுக. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து பென்சிலால் வரைக.

2. உங்கள் ஊரிலுள்ள கல், மரப்பட்டை, சாக்கு ஆகியவற்றின்மேல் தாளை வைத்துத் தேய்த்து, தோன்றும் வடிவங்களுள் ஓர் உருவத்தைக் கண்டறிந்து அதனை நிறைவு செய்க.

3. நால்வர் குழுவாக அமர்க. ஒருவர் தலையை வரைந்து தாளை மடித்து அடுத்தவரிடம் தருக. முன்னவர் வரைந்ததைக் காணாமலே மற்றவர்கள் உடல், கை, கால் எனத் தொடர்க. பாரிசின் மீமெய்மையாளர்கள் ஆடிய விளையாட்டு இது. விரித்துப் பார்த்து, கிடைத்த உருவத்திற்குப் பெயர் சூட்டுக.

4. சிங்காரப்பேட்டை வழியாக இரவில் செல்லும் சரக்கு லாரி, மாந்தோப்பு, நடுகல், ஆலைச் சங்கு. இந்நான்கும் ஒரே கனவில் தோன்றினால் அக்காட்சி எவ்வாறிருக்கும்? முதலில் ஒரு பத்தியில் எழுதி, பின்னர் வண்ணத்தில் தீட்டுக.