வைஃபைப் பெட்டியும் கட்டம் தாண்டிய எழுத்தும்



எட்டு வருஷமாகக் கல்லாவுக்கு மேலே மினுக்கிக்கொண்டிருந்த நமது கடை வைஃபைப் பெட்டியை மாற்றிவிட வேண்டுமென்று மகன் சொன்னான். நன்றாக ஓடும் சாமானை ஏன் எறிவது என்று கேட்டோம். "அத்தா, உள்ளே ஓட்டை இருக்கிறது" என்றான். எடுத்துப் புரட்டிப் பார்த்தோம். ஓட்டை ஒன்றும் தென்படவில்லை. அவன் விளக்கியதையும், பின்னர் விசாரித்து அறிந்ததையும் இங்கு எழுதுகிறோம். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே கண்ட நமக்கு விளங்கியது, வாசகர்களுக்கு விளங்காமல் போகாது.

கடைப் பேரேட்டில் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அதற்கடுத்த கட்டத்தில் மறுநாள் வேலைக்கான உத்தரவு எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் வந்ததை அப்படியே எழுதும் பையன் ஒருவன், எழுத்தை எண்ணுவதில்லை. யாரோ வேண்டுமென்றே மிக நீண்ட பெயருள்ள சீட்டை நீட்டுகிறான். பெயர்க் கட்டம் நிறைந்து, மிச்சம் அடுத்த கட்டத்து உத்தரவின் மேல் விழுகிறது. அந்த மிச்சம் 'கல்லாச் சாவியை இவரிடம் கொடு' என்றிருந்தால், மறுநாள் பையன் முதலாளி சொன்னதாகவே எண்ணிக் கொடுத்துவிடுவான். யந்திரத்தின் மெமரியில் நடப்பதும் இதுதான். ஓதப்போன காலத்தில் நாம் பலகையில் எழுதினோம். பலகை முடிந்தால் கை தானே நிற்கும். யந்திரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

1972-ம் வருஷ வாக்கில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவர் உண்டாக்கிய 'ஸி' பாஷையில், எழுத்தை எண்ணும் பொறுப்பு எழுதுகிறவனுடையது. வைஃபைச் சாதனங்களின் உள் ஏற்பாடுகள் பெரும்பாலும் இப்பாஷையில்தான் எழுதப்பட்டவை.

2017-ல் வெளியான விஷயத்தைப் பாருங்கள். ஐபோன், சாம்சங் முதலிய கைப்பேசிகளில் பிராட்காம் கம்பெனியின் வைஃபைச் சிப் இருந்தது. அச்சிப்பே ஒரு சிறு கம்ப்யூட்டர். வைஃபை இணைப்பின்போது வரும் ஒரு குறிப்புக்கு அதில் 44 பைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் 255 பைட் வரை வந்தாலும் எண்ணாமல் எழுதிக்கொண்டது. இதைக் கண்டவர் நிதாய் ஆர்டென்ஸ்டைன். கைப்பேசிக்காரர் எதையும் தொட வேண்டாம், எதையும் திறக்க வேண்டாம். பழகிய வைஃபை போல் வேஷம் போட்ட யந்திரம் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும். ஆப்பிளும் கூகுளும் அந்த ஜூலை மாதத்திலேயே திருத்தம் அனுப்பின.

அந்தப் பிராட்காமுக்கும் நம் பினாங்குக்கும் தொடர்புண்டு. அப்போது அதன் தலைவராயிருந்த ஹாக் டான் இங்கே பிறந்தவர். 2016-ல் பிராட்காமை வாங்கி அதன் பெயரையே சூடிக்கொண்ட அவாகோ கம்பெனியின் பூர்வீகம் ஹியூலட் பாக்கார்ட். 1972-ல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வைக்க வந்த முதல் கம்பெனிகளில் அதுவும் ஒன்று. ஆகவே இதை எங்கோ அமெரிக்காவின் சங்கதி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

கைப்பேசிக்குத் திருத்தம் தானாக வந்துவிடுகிறது. சுவரில் தொங்கும் பெட்டிக்குத்தான் நாதியில்லை. 2020-ல் நெட்கியர் கம்பெனியின் 79 வகைப் பெட்டிகளில் இதே எண்ணாத குறை கண்டுபிடிக்கப்பட்டது. அவற்றில் 45 வகைகள் பழையவை, திருத்தம் கிடையாது என்று கம்பெனியே சொல்லிவிட்டது. நமது பெட்டி வேறு கம்பெனியுடையது, பெயர் வேண்டாம். அதற்கும் திருத்தம் நின்று மூன்று வருஷமாகிறதென்று மகன் காட்டினான். அதே பெட்டி வழியாகத்தான் சரக்குக்காரருக்கு நாம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தோம்!

இப்போது ரஸ்ட் என்றொரு பாஷை வந்திருக்கிறது. கட்டம் மீறி எழுதப் போனால் பாஷையே தடுத்துவிடும். ஆண்ட்ராய்டில் புதிய வேலைகளை இத்தகைய பாஷைகளுக்கு மாற்றியதில், கண்டுபிடிக்கப்பட்ட குறைகளில் மெமரிக் குறைகளின் பங்கு 2019-ல் 76 சதவீதமாக இருந்தது 2024-ல் 24 சதவீதமாகக் குறைந்ததென்று கூகுள் கணக்குச் சொல்கிறது. கணக்கை எண்ணி எழுதும் பையன் கிடைத்த மாதிரிதான்.

புதுப் பெட்டியின் விலையைக் கேட்டு நாம் இரண்டு நாள் தயங்கியது உண்மை. மூன்றாம் நாள் வாங்கினோம். வாங்குமுன் எத்தனை வருஷம் திருத்தம் வரும் என்று கேட்டதற்கு, கடைக்காரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அட்டையைப் புரட்டித் தேடினார்.

சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் அங்கத்தினர் அனைவரின் பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் இருக்கின்றன. அங்குள்ள பெட்டி எந்த வருஷத்தது என்று காரியதரிசி அவர்களைக் கேட்டிருக்கிறோம். பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.