ஆட்டு வயிற்றில் பயணம் போகும் விதை



'விதை பரவுதல்' பாடத்தில் காற்று, நீர், விலங்கு என்று எழுதி மார்க் வாங்கிவிடுகிறோம். ஆனால் அந்தப் பாடம் நம்ம புதுவயல் பக்கத்துக் கண்மாய்களில் தினமும் நடக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

முதலில் பூ

பூவில் மகரந்தத்தாள் ஆண் பகுதி, சூலகம் பெண் பகுதி. மகரந்தத்தூள் சூல்முடியில் வந்து சேர்வதே மகரந்தச் சேர்க்கை. தேனீ, வண்டு, காற்று இதற்கு உதவுகின்றன. சூல்முடியில் விழுந்த தூளிலிருந்து மெல்லிய குழல் ஒன்று வளர்ந்து சூற்பைக்குள் இறங்கும். அதன் வழியே ஆண் செல் போய் முட்டையோடு சேரும். இதுதான் கருவுறுதல். பிறகு சூல் விதையாகும், சூற்பை காயாகும். பூசணியின் பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் மாதிரி தெரியுமே, அதுதான் சூற்பை. மகரந்தம் வராவிட்டால் அது வெம்பி விழுந்துவிடும்.

விதை ஏன் ஊர் சுற்றுகிறது?

எல்லா விதையும் தாய்ச்செடியின் காலடியிலேயே முளைத்தால் வெயிலுக்கும் தண்ணீருக்கும் சண்டைதான்! அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி:

* காற்று: எருக்கு விதைக்குப் பஞ்சு, முருங்கை விதைக்கு இறக்கை.
* நீர்: தேங்காய் நார் மிதக்க உதவும்.
* வெடித்தல்: எச்சில் தொட்டு வைத்தால் 'பட்' என்று வெடிக்கும் பட்டாசுக்காய்.
* ஒட்டுதல்: பாவாடையில் ஒட்டிக்கொண்டு வரும் நாயுருவி.
* தின்னுதல்: செட்டிநாட்டுப் பழைய வீட்டுச் சுவர்களில் ஆலங்கன்றை யார் நட்டது? பழம் தின்ற பறவையின் எச்சம்தான்!

நம்ம ஊர்ப் பாடம்

கடைசி வழியில் கெட்டிக்காரன் சீமைக்கருவை. இது மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்து மரம். 1877-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. இதன் பூவைத் தேனீ தேடி வரும். நெற்று இனிக்கும், ஆடு மாடு விரும்பித் தின்னும். விதையின் ஓடு கெட்டி, அதனால் பல விதைகள் வயிற்றில் சாகாமல் சாணியோடு வெளியே வருகின்றன. வயிற்றில் ஊறியதால் ஓடும் இளகிவிடுகிறது. கூடவே எருவும் தயார்! மழை பெய்தால் சாணி கரைந்து, வரத்துக்கால் வழியே விதை கண்மாய்க்குப் போய்விடும். கண்மாய்க்குள் காடு வந்தது இப்படித்தான்.

என் அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். "மழை இல்லாத வருசத்துல ஆட்டுக்கு நெத்தும் அடுப்புக்கு விறகும் குடுத்தது அந்தக் கருவைதானப்பா" என்றார். அதுவும் உண்மை. இந்த மரத்தில் கரி சுட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் நம் மாவட்டத்தில் உண்டு. ஆனால் கண்மாய்க்குள் முள்காடு அடைத்தால் வேறு செடி வராது, தண்ணீர் நிற்கும் இடமும் குறையும். பிறகு நெல் எப்படி விளையும்? 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னது. 2022-இல் தமிழக அரசும் இதுபோன்ற அந்நியத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கை வகுத்தது.

வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். பாடம் தெரிந்த நாம் இதைச் செய்யலாம்: மழை பெய்து மண் இளகியதும், சாணி கிடந்த இடத்தில் முளைக்கும் சின்னக் கன்றுகளை வேரோடு பிடுங்குவோம். முள் முற்றுவதற்கு முன்பே பிடுங்க வேண்டும். நெற்று பழுத்து விழும் காலத்தில் ஆட்டைக் கண்மாய்க்குள் விடாமல், நெற்றைப் பொறுக்கி நன்றாக இடித்துத் தீவனமாக வைக்கலாம். விதை நொறுங்கினால் முளைக்காது. ஆட்டுக்கும் பசி தீரும். அப்பத்தா இதற்குச் சம்மதித்துவிட்டார்!

செய்து பாருங்கள்

இரண்டு சிரட்டையில் மண் நிரப்புங்கள். ஒன்றில் கருவை விதையை அப்படியே போடுங்கள். இன்னொன்றில் கல்லில் லேசாக உரசி, ஒரு ராத்திரி ஊறவைத்த விதையைப் போடுங்கள். எது முதலில் முளைக்கிறது? காரணம் என்ன? நோட்டில் எழுதி வாருங்கள். முடிந்ததும் கன்றுகளைப் பிடுங்கிவிட மறக்காதீர்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவன்