கரப்பன் தோலில் கிருமி ஒட்டுவது எப்படி?

முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்மடிப்பிலும் தோல் சிவந்து, காய்ந்து, ஓயாமல் கடிக்கும் நோயைக் கரப்பன் என்கிறோம். வைத்தியர்கள் இதனை எக்சிமா என்பர். இது தொற்றுநோயன்று. ஆயினும் கரப்பன் கண்ட தோலில் ஒரு கிருமி இலகுவில் குடியேறிவிடுகிறது. அதன் காரணத்தை விளங்கிக்கொண்டால், வீட்டில் நாம் செய்யவேண்டியதும் விளங்கும்.

கிருமி எது?

ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பற்றீரியாவே அது. சுகதேகிகள் பலரின் மூக்கிலும் இது தீங்கின்றி வாழ்கிறது. பல ஆய்வுகளை 2016 இல் தொகுத்துப் பார்த்தபோது, கரப்பன் நோயாளர் 100 பேரில் ஏறத்தாழ 70 பேரின் புண்பட்ட தோலில் இக்கிருமி இருந்தது.

ஒட்டும் விதம்

நல்ல தோல், இறுக்கிக் கட்டிய வயல் வரம்பு போன்றது. பிலாக்ரின் என்னும் புரதம் சிதைந்து உண்டாகும் பொருட்கள் தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. கிருமிக்கு ஒவ்வாத இலேசான அமிலத்தன்மையையும் கொடுக்கின்றன. கரப்பன் உள்ளோர் சிலருக்கு இப்புரதம் பரம்பரையாகவே குறைவு என்பது 2006 இல் தெரியவந்தது.

ஈரம் குறைந்தால் மேற்தோலின் கலங்கள் சுருங்கி, அவற்றில் நுண்ணிய முளைகள் எழுகின்றன. கிருமியின் மேற்புறத்திலுள்ள கொளுக்கி போன்ற புரதங்கள் அம்முளைகளைப் பற்றிக்கொள்கின்றன. நாயுருவி வித்து சாரத்தில் ஒட்டுவதுபோலத்தான். ஒட்டிய கிருமி பெருகிப் பசைபோன்ற படலம் அமைக்கிறது, நஞ்சும் சுரக்கிறது. அது சுரக்கும் ஒரு நொதியம் நரம்பை நேரே தூண்டிக் கடியை உண்டாக்குவதை 2023 இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. கடிக்கச் சொறிகிறோம், சொறிய வரம்பு மேலும் உடைகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. சுத்தமான நீரில் சிறிது நேரம் மட்டும் குளிப்பாட்டுங்கள். காரமான சவர்க்காரம் வேண்டாம். தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள்.
2. தோல் ஈரமாக இருக்கும்போதே வாசனை சேராத களிம்பையோ தூய தேங்காய் எண்ணெயையோ பூசுங்கள். பிலிப்பைன்சில் பெரியவர்களிடம் நடத்தி 2008 இல் வெளியான ஆய்வில் தேங்காய் எண்ணெய் இக்கிருமியைக் குறைத்தது.
3. நகங்களை ஒட்ட வெட்டுங்கள். துவாயைப் பலர் பாவிக்க வேண்டாம்.
4. உப்பு, சாம்பல், கிருமிநாசினி எதனையும் புண்ணில் தேய்க்க வேண்டாம்.
5. சீழ், மஞ்சட் பொருக்கு, காய்ச்சல் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். மீந்த மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள்.

கலந்துரையாட

கரப்பன் உள்ள பிள்ளையை மற்றப் பிள்ளைகளிடமிருந்து ஒதுக்குவது சரியா? தண்ணீர் குறைந்த இடத்தில் இப்பிள்ளைகளின் குளிப்புக்கென ஒரு வாளி நீரை ஒதுக்க நாம் எவ்வாறு ஒழுங்கு செய்யலாம்?