பாதி டேங்க்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நேற்று அக்கா போன் செய்தாள். நீ தீவன மூட்டை ஓட்டியது போதும் என்று பால் டேங்கரில் ஏறப்போகிறாயாம். தருமபுரிப் பக்கம் குளிரூட்டும் நிலையங்களில் பால் பிடித்து சேலத்தில் இறக்கும் வேலை என்றாள். போனில் சொன்னால் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் கடிதம்.

ஆறு வருசமாக லாரி ஓட்டுகிற உனக்கு ஸ்டியரிங் பிடிக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நீ இதுவரை ஏற்றியதெல்லாம் மூட்டை. தார்ப்பாய் போட்டுக் கயிற்றை இறுக்கிவிட்டால் வண்டி ஓடும்போது ஓடும், நின்றால் நிற்கும். பாலுக்கு ஏது கயிறு? நீ பிரேக்கை மிதித்ததும் வண்டி நிற்கும். உள்ளே இருப்பது ஓடிப்போய் முன்சுவரில் மோதும், திரும்பிப் பின்னால் போகும், மறுபடியும் வரும்.

இதை நான் கற்றுக்கொண்டது சென்னையில், தண்ணீர் லாரி ஓட்டிய முதல் வாரத்தில். 9,000 லிட்டர் டேங்க். ஒரு அடுக்குமாடியில் பாதியை இறக்கிவிட்டு மீதியோடு போய்க்கொண்டிருந்தேன். சிக்னலில் ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் நாலடி விட்டு அழகாக நிறுத்தினேன். நிறுத்தியாயிற்றே என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்து, மடியில் கிடந்த வெற்றிலையைப் பிரித்தேன். முதுகுக்குப் பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம். எவனோ பின்னால் வந்து இடித்துவிட்டான் என்று கண்ணாடியைப் பார்த்தேன்; பின்னால் ஒரு வண்டியும் இல்லை. அதற்குள் என் லாரி தானாக உருண்டு ஆட்டோவின் பின்பக்கத்தை நசுக்கிவிட்டது. தண்ணீர் தள்ளிவிட்டது என்று சொன்னேன். ஆட்டோக்காரர் அதற்குச் சொன்ன பதிலைக் கடிதத்தில் எழுத முடியாது. அன்றிலிருந்து டேங்கரை நிறுத்தினால், உள்ளே ஆட்டம் அடங்கும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுத்ததில்லை.

எடை கூடினால் பயப்படுவதுதான் நம் டிரைவர்களின் பழக்கம். டேங்கரில் கணக்கு வேறு. நிறைந்த டேங்கில் பால் ஓட இடம் இல்லை; கனமாக இருக்கும், ஆனால் சொன்னபடி கேட்கும். காலி டேங்கில் ஆட ஒன்றுமே இல்லை. பாதிதான் ஆபத்து. உன் வேலையைப் பார், முதல் நிலையத்தில் கொஞ்சம் பிடிப்பாய், அடுத்ததில் கொஞ்சம். நடுவில் ஓட்டுகிற தூரமெல்லாம் பாதி டேங்க்தான்.

உங்க அம்மா சின்ன வயதில் கிணற்றிலிருந்து அண்டாவில் தண்ணீர் தூக்கி வருவாள். மேலே ஒரு கொத்து வேப்பிலையை மிதக்கவிடுவாள். அலை எழும்பாது. பெட்ரோல், தண்ணீர் டேங்குகளில் குறுக்கே வைக்கும் தடுப்புத் தகடும் அந்த வேலையைத்தான் செய்கிறது. பால் டேங்கரில் பெரும்பாலும் அதை வைக்க மாட்டார்கள். மூலைமுடுக்கில் துளி பால் தங்கினாலும் புளித்து அடுத்த லோடைக் கெடுத்துவிடும். உன் வண்டியில் தனித்தனி அறைகள் இருந்தால் நல்லது. எதை முதலில் நிரப்புவது என்று கேட்டுக்கொள். எல்லா அறையிலும் கொஞ்சம் கொஞ்சம் விடாதே, ஒன்றை முழுதாக நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போ. பின்அறையில் மட்டும் பால் இருந்தால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் காற்றில் இருப்பது போலிருக்கும்.

வளைவுதான் ஆளை விழுங்குவது. குறுக்குத் தகடு இருந்தாலும் அது முன்பின் ஆட்டத்தைத்தான் குறைக்கும். பக்கவாட்டில் தடுக்க ஒன்றுமில்லை. டேங்க் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நீ வலப்பக்கம் திரும்பினால் பால் மொத்தமும் இடப்பக்கச் சுவரில் ஏறி நிற்கும். அந்த நேரத்தில் பிரேக் போட்டாலோ, ஸ்டியரிங்கை வெடுக்கென்று மறுபக்கம் ஒடித்தாலோ, வண்டியைக் கவிழ்ப்பது நீயில்லை, பால். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிடு. உள்ளே போன பிறகு ஒரே சீராக எடு. வளைவில் எழுதியிருக்கும் வேகம் காருக்கு. நீ அதிலும் குறைத்துப் போ.

தொப்பூர் கணவாய் இறக்கம் உன் வழியில் இருக்கிறது. நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களை நீயே பார்த்திருப்பாய். கியர் இல்லாமல் இறங்கினால் இன்ஜின் பிடிக்காது, பாரம் முழுக்க பிரேக்கின் தலையில் விழும். லைனர் சூடேறித் தீய்ந்த வாடை வரும்போது மிதித்தாலும் நிற்காது. இரட்டைப் பாலத்தருகே நொறுங்கிக் கிடக்கும் வண்டிகள் பல அப்படி வந்தவைதான். ஏறுகிற கியரிலேயே இறங்கு. மிச்சமாகும் டீசல் உன் முதலாளிக்கு, போகிற உயிர் உன்னுடையது.

பால் கெட்டுவிடும் என்று உன்னை விரட்டுவார்கள். நம்பாதே. 4 டிகிரியில் ஏற்றிய பால், தெர்மாஸ் பிளாஸ்க் போல இரட்டைச் சுவர் வைத்த டேங்கில் ஒரு மணி நேரம் தாமதமானால் ஒன்றும் ஆகாது. இன்னொன்று: கழுவுவதற்கென்று மேல்மூடி வழியாக டேங்குக்குள் இறங்கச் சொன்னால் மறுத்துவிடு. உள்ளே மூச்சுவிடப் போதிய காற்று இல்லாமல் போகலாம்.

ஆறு மாதம் ஓட்டிவிட்டுச் சமையல் கேஸ் ஏற்றும் வண்டிக்குப் போவேன் என்கிறாயாமே. நாமக்கல்காரனுக்குப் புல்லட் டேங்கர் மேல் ஆசை வருவது இயல்பு, சம்பளமும் கூட. ஆனால் கேஸ் டேங்கில் 85 சதவீதத்துக்கு மேல் நிரப்ப விடமாட்டார்கள். வெயிலில் விரிய இடம் வேண்டும். அதாவது முழு லோடு என்றாலும் உள்ளே ஆட்டத்துக்கு இடம் உண்டு. 2025 ஜனவரி 3 அதிகாலை, கொச்சியிலிருந்து 18 டன் கேஸோடு வந்த புல்லட், கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது இணைப்பு முறிந்து, டேங்க் தனியாகக் கழன்று ரோட்டில் விழுந்தது. கேஸ் கசிந்தது. தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் காப்பாற்றினார்கள். பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் அன்று லீவு. உயிர்ச்சேதம் இல்லை. கண்ணூர் சாலாவில் 2012 ஆகஸ்டில் அந்தக் கொடுப்பினை இல்லை. டிவைடரில் மோதிக் கவிழ்ந்த ஒரே கேஸ் வண்டியால் 20 பேர் போனார்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து வீடுகளுக்குள் போய்விடும். கேஸ் வண்டியைத் தொட மூன்று நாள் பயிற்சி எடுத்து லைசென்ஸில் பதிய வேண்டும் என்பது சட்டம். என் கணக்கில் அதற்கு முன் இரண்டு வருசம் பால் ஓட்ட வேண்டும்.

கடைசியாக ஒரு காரியம் செய். முதல் லோடு பிடிப்பதற்கு முன், டேங்கில் பாதிக்குத் தண்ணீர் விடச் சொல்லி, காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார். நிறுத்து, திருப்பு, பின்னால் எடு; உள்ளே எழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேள். டீசல் வீணாகிறது என்று முதலாளி முணுமுணுத்தால், அந்தக் காசை நான் தருகிறேன் என்று சொல்.

அன்புடன்,
மாமா