பூனைக்கு வஞ்சம் தெரியாது

"ரெண்டாவது பூனை வந்ததுலேர்ந்து பெரியது மெத்தை மேலதான் மூத்திரம் போகுது. வேணும்னே பண்ணுது, பழிவாங்குது." புதுச்சேரியின் காலாப்பட்டில் பூனை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மீனவர் தெருக்களில் வாசலோடு நின்றுகொண்டிருந்த பூனை, பல்கலைக்கழகத்தையும் மருத்துவக் கல்லூரியையும் சுற்றியுள்ள வாடகை வீடுகளுக்குள் வந்துவிட்டது. கடற்கரை மணலில் நினைத்த இடத்தில் தோண்டி, போய், மூடிவிட்டு நடந்த பிராணிக்கு இப்போது பாத்ரூம் மூலையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதிலும் பாதி இன்னொரு பூனைக்கு.

பழிவாங்குவது என்பது மனிதக் கணக்கு. பூனைக்கு அந்தக் கணக்கு வராது. தட்டை விட்டு வெளியே போகும் பூனைக்கு உடம்பு சரியில்லை, அல்லது அது பயந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவர் டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான்: மன அழுத்தத்தில் இருக்கும் பூனைக்குக் கிருமித் தொற்று இல்லாமலேயே மூத்திரப்பை அழற்சி வரலாம், சுற்றுப்புறத்தைச் சரிசெய்தால் அது குறையும். தட்டில் உட்காரும்போதெல்லாம் வலித்தால் பூனை தட்டைத்தான் குற்றவாளியாக நினைக்கும். மெத்தையைத் தேடிப் போவதற்கும் காரணம் உண்டு. அது மெத்தென்று இருக்கிறது, உயரமாக இருக்கிறது, யார் வருகிறார்கள் என்று பார்க்க முடிகிறது. அதனால் மூக்கைப் பிடித்து மூத்திரத்தில் தேய்ப்பது, முதுகில் ஒன்று வைப்பது எல்லாம் பயத்தைத்தான் கூட்டும். முதலில் போக வேண்டியது மருத்துவரிடம்.

அடுத்த நம்பிக்கை இன்னும் ஆபத்தானது: "விட்டுடுங்க, ரெண்டு நாள் அடிச்சிக்கிட்டு அதுங்களே சமாதானம் ஆயிடும்." கூட்டமாக வேட்டையாடும் நாயினத்தின் வழக்கத்தைப் பூனையிடம் எதிர்பார்க்கிறோம். வீட்டுப் பூனைகளின் மூதாதை மேற்காசியப் பகுதியின் காட்டுப்பூனை என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அது தனியே வேட்டையாடும் பிராணி. சண்டைக்குப் பிறகு சமாதானம் செய்துகொள்ளும் பழக்கம் அதனிடம் அனேகமாக இல்லை, விலகிப் போவதுதான் அதன் வழி. இரண்டு அறை வீட்டில் விலகிப் போக இடம் ஏது? ஒவ்வொரு சண்டையும் அடுத்ததற்கு விதை போடுகிறது.

சத்தம் இல்லாவிட்டால் சண்டை இல்லை என்று நினைப்பவர்கள் நடைவழியைக் கவனிக்க வேண்டும். பாத்ரூம் போகும் வழியில் ஒரு பூனை காலை நீட்டிப் படுத்திருக்கும், பார்ப்பதற்குத் தூங்குவதுபோல. கண் மட்டும் அசையாமல் எதிர்ப்பக்கம் நிலைத்திருக்கும், வால் நுனி லேசாகத் துடிக்கும். மற்றது கதவோரம் வந்து, நின்று, திரும்பி சோபாவுக்குப் பின்னால் போய்விடும். அன்று இரவு சோபாவுக்குப் பின்னால் ஈரம். திட்டு வாங்குவது அந்த இரண்டாவது பூனை. விளையாட்டுச் சண்டை வேறு: துரத்துவதும் ஓடுவதும் மாறிமாறி நடக்கும், நகம் உள்ளேயே இருக்கும், உறுமல் இருக்காது.

ஆகவே இரண்டு பூனைக்கு ஒரு தட்டு போதாது. பூனைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒன்று, அதாவது மூன்று தட்டு என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டுதான். வேறு வேறு அறையில், இரண்டு பக்கமும் வெளியேற வழி இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும். வாஷிங் மெஷின் பக்கம் வேண்டாம். சாப்பாட்டுக் கிண்ணத்தையும் தண்ணீரையும்கூடத் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். ரோஜா வாசனை போட்ட மணல் நம் மூக்குக்காகச் செய்தது, பூனைக்குப் பிடிக்காது. மிச்சிகனில் எட்வர்ட் லோவ் 1947இல் களிமண் துகளைப் பூனைக்கென்று விற்கத் தொடங்கும்வரை அங்கேயும் மணலும் சாம்பலும்தான். சலித்த, நைசான மணல் இன்றும் போதும். ஆனால் அது கட்டியாகாது, மூத்திரம் அடியில் தேங்கும். தினமும் அள்ளி, அடிக்கடி முழுசாக மாற்ற வேண்டும்.

"பினாயில் ஊத்திக் கழுவிட்டேன், அப்புறமும் அதே இடத்துலதான் போகுது." நம் மூக்குக்கு நாற்றம் அடங்கிவிட்டது, பூனையின் மூக்குக்கு அடங்கவில்லை. இதில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைப்பது வேறு. கருப்புப் பினாயிலில் ஃபீனால் வகைப் பொருள்கள் இருக்கின்றன, அவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. வெள்ளைப் பினாயிலில் சேரும் பைன் எண்ணெயும் அதற்கு ஆகாது. ஈரத் தரையில் நடந்து, உட்கார்ந்து, பாதத்தை நக்கும் பிராணி அது. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். என்சைம் கலந்த சலவைத்தூள் கரைசலில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவிட்டால் போதும்.

சுவரில் நின்றபடி, வாலைத் தூக்கிப் பீய்ச்சுவது தனிக் கதை, அது எல்லை அடையாளம். கருத்தடை செய்தால் பத்தில் ஒன்பது கடுவன்கள் நிறுத்திவிடும். பெட்டையும் சில சமயம் பீய்ச்சும். வாசலில் மீன்கூடை இறங்கியதும் தெருப்பூனைகள் கூடிவிடும். ஜன்னல் கம்பி வழியே அவற்றைப் பார்த்து வெறியேறிய வீட்டுப் பூனை, எட்டாத எதிரியை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் தோழன்மேல் பாயும். அந்த நேரத்தில் நடுவே கையை விடாதீர்கள். ஜன்னலின் கீழ்ப்பாதியை மறையுங்கள்.

உறவு முறிந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தனித்தனி அறை. ஒன்று படுத்த துணியை மற்றதன் அறையில் போடுங்கள். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு. உறுமல் இல்லாமல் சாப்பிட்டால் கதவை விரலளவு திறக்கலாம். வாரக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் பட்ட பாடு வீண்.

கடைசி நம்பிக்கை: "கடற்கரையில விட்டா மீன் தின்னு பொழைச்சிக்கும்." பொழைக்காது. அங்கே ஏற்கெனவே இடம்பிடித்த பூனைகளும் நாய்களும் இருக்கின்றன. பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. இரண்டும் ஒத்தே வராது என்றால் நல்ல வீடு பார்த்துக் கொடுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். உங்கள் கடுவன் தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கி, கத்தி, ஒரு சொட்டும் வராமல் எழுந்தால் மலச்சிக்கல் என்று விட்டுவிடாதீர்கள். மூத்திரம் அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். விடியட்டும் என்று காத்திராமல் பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரிடமோ, குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனத்தின் மருத்துவமனைக்கோ உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.