கண்வலிக்கிழங்கில் லில்லிப் புழு: இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஆடியில் ஊன்றிய கண்வலிக்கிழங்கு முளைத்து, கொடி பந்தலைப் பிடித்து ஏறும் சமயம். ஒரு நாள் காலையில் தோட்டத்துக்குப் போனால் பத்து இருபது கொடிகளில் இலையே இருக்காது. தண்டு மட்டும் குச்சியாக நிற்கும். "முந்தாநாள் நன்றாகத்தானே இருந்தது" என்பார்கள். முந்தாநாளும் புழு அங்கேதான் இருந்தது. இலையின் அடிப்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பகுதிகளில் விதைக்காகப் பயிர் செய்யப்படும் இந்தக் கிழங்கின் பூதான் நம் மாநில மலரான செங்காந்தள். விதையில் உள்ள கோல்சிசின் என்ற சத்து, கீல்வாத மருந்து செய்யப் பயன்படுகிறது. இது கொடிய விஷம். ஆடு மாடு கூட அண்டாத இந்தச் செடியைத் தின்றே லில்லிப் புழு வளர்கிறது.

மற்றப் பயிரில் புழு நாலு இலையைத் தின்றால் செடி மறுபடி தழைத்துக் கொள்ளும். கண்வலியில் அப்படி இல்லை. கலப்பை போலக் கவைத்த கிழங்கின் ஒவ்வொரு முனையிலும் ஒரே ஒரு முளைதான் உண்டு. அதிலிருந்து வரும் கொடியின் கொழுந்தைப் புழு கடித்துவிட்டால், அந்த முனையில் அந்த வருடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இக்கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு கம்பியையோ விராலிக் குச்சியையோ பிடித்துக் கொள்கிறது. இலை போனால் பிடியும் போகும். கொடி சரிந்து தரையில் விழும். விலை கொடுத்து வாங்கிய விதைக்கிழங்கு இப்படிப் போவதைப் பார்க்கச் சகிக்காது.

இப்புழுவின் தாய் அந்துப்பூச்சி பார்க்க அழகானது. கருப்பு, சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் முன் சிறகு நிறைய இருக்கும். மழைக்காலத்தில் இலையின் அடியில் முட்டைகளைக் குவியலாக இடும். சில நாட்களில் பொரிந்து வரும் குஞ்சுப் புழுக்கள் ஒரே இலையில் கூட்டமாக இருந்து பச்சையைச் சுரண்டித் தின்னும். இலை வெளுத்துச் சல்லடை போலத் தெரிந்தால் இந்தப் பருவம் என்று அறியலாம். கொஞ்சம் வளர்ந்ததும் கொடிக்குக் கொடி பரவிவிடும். கறுத்த உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் கொண்ட பெரிய புழு இலை, கொழுந்து, பூமொட்டு எதையும் விடாது. இரண்டு மூன்று வாரம் தின்றபின் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும்.

எனவே பிடிக்க வேண்டியது கூட்டமாக இருக்கும் அந்தச் சில நாட்களில்தான். முளை வந்தது முதல் பூ முடியும் வரை வாரம் இரண்டு முறை வரிசை வரிசையாக இலையைத் திருப்பிப் பாருங்கள். முட்டைக் குவியலோ குஞ்சுக் கூட்டமோ உள்ள இலையை மட்டும் கிள்ளி, சோப்புத் தண்ணீர் உள்ள டப்பாவில் போட்டுவிடலாம். ஒரு இலையோடு ஒரு கூட்டமே தொலையும். மருந்துக்குச் செலவழிக்கத் தயங்காதவர்கள் இந்த வேலைக்கு ஆள் விட மட்டும் ஏனோ யோசிக்கிறார்கள்.

புழு பரவத் தொடங்கிவிட்டால் வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல் தெளிக்கலாம். 10 லிட்டர் டாங்குக்கு அரை கிலோ பருப்பை இடித்து, துணியில் மூட்டையாகக் கட்டி, இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வைக்கவும். காலையில் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, 10 லிட்டராக்கி, 10 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்க்கவும். சோப்பு இல்லாவிட்டால் வழவழப்பான இலையில் கரைசல் ஒட்டாமல் வழிந்துவிடும். அன்று மாலையே, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் குறையும். பூசணம் பிடித்த பழைய கொட்டையில் பலன் கிடைக்காது. பத்து நாள் கழித்து மறுபடி தெளிக்கவும். பெரிய புழுவுக்கு இது அவ்வளவாகக் கேட்காது. அதைக் கையால் பொறுக்குவதே வழி.

முன்பு இந்தப் புழுவுக்கு டைகுளோர்வாஸ், அதாவது நுவான், அடித்து வந்தார்கள். 2020 டிசம்பர் 31 முதல் அது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. வீட்டு மூலையில் பழைய பாட்டில் இருந்தாலும் எடுக்க வேண்டாம். வேறு மருந்து தேவைப்பட்டால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்ட பிறகே வாங்குங்கள். எதைத் தெளித்தாலும் பூக்கும் காலத்தில் காலை நேரம் கூடாது. செங்காந்தள் பூவில் சூலகத் தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்திருப்பதால், தேனீயோ வண்ணத்துப்பூச்சியோ வர வேண்டும், இல்லையேல் ஆள் கையால் தொட்டு வைக்க வேண்டும். அந்த வேலை காலையில்தான் நடக்கிறது.

வீட்டு வாசலில் அழகுக்கு வைத்த லில்லிச் செடி, வாய்க்கால் ஓரத்து விஷமூங்கில் இரண்டிலும் இதே புழு வாழும். தோட்டத்தைச் சுத்தம் செய்து வாசலை மறந்தால் பூச்சி அங்கிருந்து திரும்பி வரும். அவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இலை நுனி கருகிச் சுருண்டு, புழு எதுவும் கண்ணில் படவில்லை என்றால் அது இலைப்பேனாக இருக்கலாம். அதற்கு மஞ்சள் அல்லது நீல ஒட்டும் அட்டை கட்டலாம்.

அறுவடை முடிந்து கொடி காய்ந்தபின் வரிசைகளுக்கு இடையே மண்ணை லேசாகக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெளியே வரும். மைனாவும் கோழியும் பார்த்துக் கொள்ளும். கிழங்கின் முனை உடையாதபடி கிளற வேண்டும். இலை கிள்ளினாலும் கிழங்கு எடுத்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது. கிழங்கைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தவறி யார் வாயிலாவது போய்விட்டால் கைவைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும். எந்தக் கிழங்கு என்பதையும் டாக்டரிடம் சொல்லவும்.